சம்பந்தியம்மாவுக்கு எடுத்து வைத்த கிண்ணம்

படாளத்தில் ஜாய்ஸ் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஃப்ரூட் சாலட் ஒன்பது வருடமாகக் கெடவில்லை. வாழைப்பழம் கறுக்கவில்லை, மாதுளை முத்து சுருங்கவில்லை, மேலே ஊற்றிய வெள்ளைக் கிரீம் புளிக்கவில்லை. இடையில் ஃப்ரிட்ஜே இரண்டு முறை மாறியது. மாமல்லபுரத்தில் புயல் கரை கடந்து ஐந்து நாள் கரண்ட் இல்லாதபோது, அக்கம்பக்கத்தில் பால் முதல் தோசை மாவு வரை எல்லாம் நாறிப்போக, இந்தக் கிண்ணம் மட்டும் அன்று காலை செய்ததுபோல் இருந்தது. ஆரம்பத்தில் தெரு ஜனங்கள் வந்து பார்த்தார்கள். பிறகு கேஸ் விலை ஏறியது. அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

வேறு யாருக்குத் தெரியுமோ இல்லையோ, காரணம் திருவிடந்தைக் கோமளத்துக்குத் தெரியும். பெருமாள் கோவில் கைங்கரியக் குடும்பம், ரிடையரான கணக்கு டீச்சர். மகள் மானசா ஜாய்ஸின் மகன் சாமைக் கட்டிக்கொண்டபின், சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை போயிருந்தாள். சமைத்ததை இந்த அம்மாள் தொடமாட்டாள் என்று ஜாய்ஸுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமல்லபுரத்து ஹோட்டல் ஒன்றில் பழம் நறுக்கி சாலட் செய்வதுதான் அவள் வேலை. அங்கே கிரீமில் முட்டை சேரும் என்பதால் இதை வீட்டிலேயே செய்தாள். முதல் நாளே தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பாலாடையும் தேனும் சேர்த்து அடித்து, எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டாள். வெங்காயமோ மீனோ படாத புதுக் கத்தியும் புதுப் பலகையும் வாங்கினாள். கோமளம் அதையெல்லாம் கவனிக்கவில்லை. "இன்னிக்கு ஏகாதசி, நான் ஒண்ணும் எடுத்துக்கறதில்லை" என்று சொல்லிவிட்டாள். ஏகாதசிக்குப் பழம் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அன்று ஏகாதசியே இல்லை. அவள் தலைக்குமேல் தொங்கிய காலண்டர் தாளில் சஷ்டி என்று போட்டிருந்தது. ஜாய்ஸ் அதைப் படித்தாள். அவள் படித்ததைக் கோமளமும் பார்த்தாள்.

"அதுக்கு இன்னா சம்பந்தியம்மா, எடுத்து வெக்கிறேன். அப்பால வந்து சாப்டுங்க" என்றாள் ஜாய்ஸ்.

கோமளம் அப்புறம் போகவே இல்லை. கோபம் இல்லை, வெட்கம். பேத்தி அம்மு பிறந்தது ஆஸ்பத்திரியில், பெயர் வைத்தது மண்டபத்தில். இரண்டு இடத்திலும் ஜாய்ஸ் வாய்நிறையப் பேசினாள், கிண்ணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கத்தி, பலகை சமாசாரத்தை மானசாதான் போனில் சொன்னாள். அதைக் கேட்டபின் யாராவது படாளத்தின் பெயரைச் சொன்னாலே கோமளம் பேச்சை மாற்றினாள். செங்கல்பட்டில் ஒரு பஸ் மாறினால் போதும், அவ்வளவுதான் தூரம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே ஒன்பது வருடம் ஓடியது. போன ஆடியில் ஜாய்ஸ் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கோமளம் படாளத்துக்கு வந்தாள். ஜாய்ஸின் கணவர் தாவீது ஃப்ரிட்ஜைத் திறந்து, கிண்ணத்தையும் ஸ்பூனையும் கையில் கொடுத்தார். கோமளம் நின்றபடியே சாப்பிட்டாள். லேசான புளிப்பு, தேன், எலுமிச்சை வாசனை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அதைச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைத்தாள். நாளைக்கும் வரலாம், மறுநாளும் வரலாம், ஒன்பது வருடம் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்காதா என்று நினைத்தாள்.

மறுநாள் அதே பஸ்ஸில் வந்தாள். ஆப்பிள் பழுப்பாகியிருந்தது. வாழைப்பழம் கொழகொழத்து, கிரீமில் புளித்த நாற்றம் அடித்தது.

"பழந்தான சம்பந்தியம்மா, கெட்டுத்தான் போவும்" என்றார் தாவீது.

கோமளம் அவரிடமிருந்து கிண்ணத்தை வாங்கி, கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவினாள். வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டாள். ரசம்தான் என்றார். அந்தக் கிண்ணத்திலேயே சாதத்தைப் போட்டு ரசம் ஊற்றச் சொல்லி, கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.