மழையில் விழாத சுவர்

எங்கள் பங்குக் கோயிலுக்கு இந்த வருடம் நூற்றிருபத்தைந்து வயது. விழா மலருக்குக் கட்டடத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி பங்குப் பேரவைத் துணைத் தலைவர் தனிஸ்லாஸ் என்னிடம்தான் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் நான் வரலாற்று டீச்சர்.

நான்கு சனிக்கிழமைகள் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்தேன். பிரெஞ்சுச் சாமியார் கட்டியது, மூன்றடிச் சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்கு உத்தரம் எல்லாம் எழுதினேன். கடப்பைக்கல் தரையின் நடுவே, வாசலிலிருந்து பீடம் வரை ஒன்றரை அடி அகலத்துக்கு சிமெண்டுப் பட்டை ஓடுகிறதே, அதையும் எழுதினேன். கட்டும்போதே அங்கே நெஞ்சுயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். வடக்கே தனிஸ்லாஸின் சாதிக்காரர்கள், தெற்கே எங்கள் தெரு. எழுபத்திரண்டில் என் அப்பாவும் இன்னும் நான்கு பேரும் கடப்பாரை எடுத்து அதை இடித்தார்கள். அதற்காக அப்பா பதினோரு நாள் ஜெயிலில் இருந்தார்.

ராஜபாளையத்தில் அச்சடித்து மலர் வந்தது. 'இடைச்சுவர் 1972 பெருமழையில் விழுந்தது' என்று போட்டிருந்தார்கள். கீழே என் பெயர்!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே தனிஸ்லாஸ் வீட்டுக்குப் போனேன்.

"கூரைக்குள்ள நின்ன செவரு எந்த மழையில விழுந்துச்சு அண்ணாச்சி? எங்கப்பா மழைக்கா ஜெயிலுக்குப் போனாரு?"

"கோவப்படாதீக டீச்சர். நல்ல நாளும் அதுவுமா பழசக் கெளறணுமா? இப்ப யாரு அதெல்லாம் பாக்கா? கிரானைட் போடச் சொல்லியாச்சு, அந்தப் பட்டையும் மறஞ்சிரும்."

வெட்கங்கெட்ட மனுஷன், சொல்லிவிட்டு டீ சாப்பிடுகிறீர்களா என்று வேறு கேட்டார்.

தளவாய்புரத்து ஆட்கள் வந்து பத்தே நாளில் வேலையை முடித்தார்கள். தரை பளபளவென்று இருந்தது. பட்டை இருந்த சுவடே இல்லை. என் அப்பா செய்த ஒரே பெரிய காரியத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

விழாப் பூசைக்கு வேண்டுமென்றே முந்திப் போய், வடக்குப் பக்கம் தனிஸ்லாஸின் மனைவிக்கு அருகில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, சிரித்த முகமாகவே சொன்னார்.

"டீச்சர், ஒங்க பக்கம் எம்புட்டு எடம் கெடக்கு. அங்கிட்டுப் போய் இருங்களேன்."

"எங்க பக்கம் எங்க ஆரம்பிக்கு? காட்டுங்க, போறேன்."

அவர் யோசிக்கவே இல்லை. புதுக் கிரானைட்டின் மேல் விரலை நீட்டிக் காட்டினார். நான்கு சனிக்கிழமை அளந்தவள் நான். ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை.