கடைசி நாலு தாள்

புத்தகத்தின் கடைசியில் இருந்த சொற்பட்டியலில் விரலை வைத்து, "நானூத்திப் பன்னெண்டு" என்றாள் சங்கமித்ரா. அப்பாதுரை கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு தாள்களைத் தள்ளி, 412 என்ற எண்ணைக் கண்டுபிடித்து, புத்தகத்தைத் திருப்பி மருமகள் முன்னால் வைத்தார். பக்கத்தில் போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் மேலிருந்து கீழே படித்தாள். எதிர்ப்பக்கத்தைப் படித்தாள். "இங்க இல்ல மாமா" என்றாள்.

"நல்லாப் பாரு."

"நல்லாதான் பாத்தேன்."

அவளே முன்னும் பின்னும் புரட்டி அந்தச் சொல்லை 431-ஆம் பக்கத்தில் பிடித்தாள். அடுத்த சொல்லுக்குப் பட்டியல் 655 என்றது. அது 702-இல் இருந்தது. அதற்கடுத்தது 96, அது மட்டும் சொன்ன இடத்தில் இருந்தது. சங்கமித்ரா போனை நிறுத்திவிட்டு, புத்தகத்தின் முதல் தாளையும் கடைசித் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "புக்கு புது பதிப்பு. பின்னாடி ஒட்டியிருக்கிற இன்டெக்ஸ் பழசோடது. திருட்டு பிரிண்ட் போட்டவன் கையில எது கெடைச்சதோ அதச் சேத்துத் தச்சிருக்கான்" என்றாள்.

அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தவர் அப்பாதுரைதான்.

மூன்று வருஷமாக அவள் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை செய்கிறாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமைத் தட்டித் தட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்வது. இனித் தானே எழுதத் தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பதினெட்டுப் பேருக்குச் சனிக்கிழமை பரீட்சை, ஆறு பேருக்கு வேலை. போன் கூடாது, இன்டர்நெட் கிடையாது. அச்சடித்த புத்தகம் ஒன்று மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். அதில் கையால் ஒரு எழுத்து இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் ஒரு துண்டுச்சீட்டில், பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித்தரும் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்து, ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டுப் பகலில் சும்மா இருக்கும் மாமனாரை அவென்யூ ரோட்டுப் புத்தகக் கடைகளுக்கு அனுப்பினாள். பெரிய கடையில் எடுத்துக் காட்டினார்கள். கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது. பிரிக்கக் கூடாது என்றான் கடைப்பையன். பிரிக்கவிடாதவன் உள்ளே எதையோ மறைக்கிறான் என்று அப்பாதுரைக்குப் பட்டது. எதிரே நடைபாதையில் அதே அட்டை, அதே படம், திறந்தே கிடந்தது. குந்தி உட்கார்ந்து முதுகைத் தட்டிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் தமிழ். ஆனால் எண் தெரியும். ஒன்றிலிருந்து தொள்ளாயிரத்துச் சொச்சம் வரை ஒரு தாள் விடாமல் சரிபார்த்தார். ஒன்றும் குறையவில்லை. வீட்டுக்கு வந்து, "ஒவ்வொரு தாளா எண்ணிப் பாத்து வாங்கியாந்தேன், ஒருத்தனும் நம்மள ஏமாத்த முடியாது" என்று மார்தட்டினார்.

இப்போது அவள் திட்டியிருந்தால் தேவலை. புத்தகத்தை மூடி, "ரொட்டி போடட்டுமா மாமா?" என்று எழுந்து போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அது. வெள்ளி காலை அவள் வேலைக்குக் கிளம்பியதும் இவர் ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஓடினார். பெரிய கடைப் பெண், "ஸ்டாக் இல்லா அஜ்ஜா, சோமவாரா பன்னி" என்று கன்னடத்தில் சொன்னாள். திங்கட்கிழமை வந்து என்ன செய்ய? நடைபாதைக்காரன் புத்தகத்தைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றான்.

"அரே தாத்தா, இன்டெக்ஸ்லாம் யாரு பாக்கறாங்க? எல்லாரும் போன்லதான் கேக்கறாங்க. இது மேஜை மேல வெக்கறதுக்கு. ஷோக்கு."

"மேஜ மேல வெக்க செங்கல் போதாதாடா?"

"செங்கல்ல பைத்தான்னு போட்டிருக்காதே."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அடித்துவிடலாம் என்று கை வந்தது. எழுபத்திரண்டு வயதில் அடித்தால் இவர்தான் விழுவார்.

திரும்பும் பஸ்ஸில் புத்தகம் மடியில் கனத்தது. மகன் குணசேகர் நாலு வருஷத்துக்கு முன்னால் ஓசூரில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். போனவனுடைய அப்பனுக்கு சங்கமித்ரா இன்னும் சோறு போடுகிறாள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து அவள் அம்மா போன் செய்யும்போதெல்லாம், "வேல போச்சுன்னா மூட்ட கட்டிக்கினு இங்க வந்துடு. கெழவன் அவன் மவங்கிட்ட போவட்டும்" என்பாள். ஸ்பீக்கரில் போட்டிருப்பதால் இவருக்கும் கேட்கும். மித்ரா அதற்குச் சரி என்றும் சொன்னதில்லை, மாட்டேன் என்றும் சொன்னதில்லை. நாளைப் பரீட்சையில் தவறினால் சொல்லவேண்டி வரும்.

வீட்டில் வாசல் வெளிச்சத்தில் புத்தகத்தை விரித்தார். இங்கிலீசு புரியாவிட்டால் என்ன, பூச்சி மாதிரி ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உருவம் இருக்கிறது. பட்டியலில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, எதிரே போட்ட எண்ணுக்குப் போய், அதே உருவம் தடித்த எழுத்தில் எங்கே வருகிறது என்று பக்கம் பக்கமாய்த் தேடினார். 138 வரை சரி. அங்கிருந்து ஐந்து பக்கம் தள்ளியிருந்தது, பிறகு பன்னிரண்டு, பிறகு பத்தொன்பது. புதிதாக என்னத்தையோ நுழைத்த ஒவ்வோர் இடத்திலும் இன்னும் கொஞ்சம் விலகியது. மத்தியானம் சாப்பிடவில்லை. மொத்தம் இருபத்து மூன்று இடத்தில் கணக்கு மாறுகிறது என்று ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதி முடிக்கும்போது மித்ரா வந்துவிட்டாள்.

தாளைப் பார்த்தாள். "இத எடுத்துக்கினு போக முடியாதே மாமா. இருபத்து மூணு நம்பரும் என் தலையில நிக்காது. இருக்கிறதே நிக்க மாட்டேங்குது."

"எழுதத்தான கூடாதுன்றான்?"

"ஆமா."

தங்கச் சுரங்கத்தில் இருபத்தொன்பது வருஷம், கூரை சரியாமல் தாங்கும் மர முட்டுக்கட்டைகளை அறுத்து நிறுத்தியவர் அவர். அறுக்கவேண்டிய அளவைக் கரித்துண்டு இல்லாதபோது ஈர மரத்தில் நகத்தால்தான் குறித்துக்கொள்வார்கள். கட்டைவிரல் நகத்தைப் பட்டியலின் முதல் சொல் பக்கத்தில் வைத்து அழுத்தினார். தாளில் சின்னப் பள்ளம் விழுந்தது. நேரே பார்த்தால் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது, தடவினால் தெரிந்தது.

"நெட்டுக்க ஒரு கீறல்னா இருவது பக்கம் தள்ளிப் பாரு. குறுக்க ஒண்ணுன்னா அஞ்சு. ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும், தேடிக்க."

மித்ரா விரலை அதன்மேல் வைத்து எடுத்தாள். நம்புகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தன் நோட்டை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து முணுமுணுவென்று படிக்க ஆரம்பித்தாள்.

பட்டியல் இருபத்தெட்டுத் தாள், இரண்டு புறமும், பக்கத்துக்கு இரண்டு பத்தி. வாட்ச்மேன் டியூட்டிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். எண்ணைப் பார், காலண்டர் தாளைப் பார், கீறு. கண் நீர் கொட்டியது. நகம் நடுவில் பிளந்தது. இடதுகை நகத்துக்கு மாறினார். காலை எட்டு மணிக்கு மித்ரா தலை சீவிக்கொண்டு, "கெளம்பணும் மாமா" என்றபோது இருபத்து நாலு தாள் ஆகியிருந்தது.

பஸ்ஸில் அவளுக்கு சீட் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னார். "கடைசி நாலு தாள் ஆவலம்மா."

"எந்த எழுத்திலேருந்து?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் திறந்து பார்த்தாள். தடவிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் வழுவழுப்பில் நின்றது. "எஸ் பாதியிலேருந்து" என்றாள். மீதித் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஸ்ட்ரிங் எல்லாம், எழுத்த வெச்சு செய்யற வேல, இங்கதான் வரும். முன்ன பரீட்ச எழுதுன பேட்ச்சுக்குப் பாதிக் கேள்வி அதுலதான்."

"குடு இப்படி." வாங்கிக் கம்பியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நகத்தை வைத்தார். டிரைவர் பிரேக் போட்டான். தாள் விரல்நீளத்துக்குக் கிழிந்தது. மித்ரா புத்தகத்தை மெதுவாக அவர் கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பரவால்ல மாமா" என்றாள். அவளுக்கும் அவருக்கும் அது பொய் என்று தெரியும்.

கம்பெனியின் கீழ்த்தளத்தில் கண்ணாடி அறையில் பரீட்சை. வாசலில் பிரிஜெட் என்கிற மேலாளர் அம்மா ஒவ்வொரு புத்தகமாக வாங்கிச் சோதித்தாள். அப்பாதுரை கேட் ஓரமாக நின்றார். இவரும் வாட்ச்மேன் என்று கேட்டதும் செக்யூரிட்டிக்காரன் விட்டுவிட்டான்.

"இன்னா சங்கமித்ரா, புக்கு அட்டகூட மடங்காம இருக்கு? தொறந்தே பாக்கலியா?"

"பாத்தேன் மேடம்."

பிரிஜெட் புத்தகத்தைத் தலைகீழாக உதறினாள். பின்பக்கங்களை விரித்து உள்ளங்கையால் நீவினாள். கை ஒரு தாளில் நின்றது. அப்பாதுரை பிளந்த நகத்தை உள்ளங்கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். "ரோட்டுல வாங்கினியா? பேப்பரே மேடும் பள்ளமுமா இருக்கு, கிழிஞ்சும் போயிருக்கு" என்று சொல்லி அவள் திருப்பிக் கொடுத்தாள்.

கதவு மூடிற்று. மித்ராவுக்கு ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. கேள்வித்தாள் கொடுத்தார்கள். வெகுநேரம் குனிந்தபடி இருந்தாள். பிறகு புத்தகத்தை இழுத்து, பின்பக்கமாகத் திறந்து, தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு ஏந்திப் பிடித்தாள். விரல் பத்தியில் இறங்கியது. அப்பாதுரை கண்ணாடி வரை நெருங்கிவிட்டார். அவள் ஒரு தாள் திருப்பினாள். இன்னொன்று. எந்தத் தாள் என்று இங்கிருந்து தெரியாது. வலதுகைப் பக்கம் மிச்சமிருக்கும் கனம் மட்டும் தெரிந்தது. அது குறைந்துகொண்டே வந்தது. இன்னொரு தாள். அவளுடைய வலது கட்டைவிரலுக்கும் அட்டைக்கும் நடுவில் இப்போது எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. விரல் அங்கே, அவர் கீறாமல் விட்ட வழுவழுப்பான தாளில், மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்தது.