வலி நின்ற பல்

ஓரகத்தி பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே மூத்த மருமகளுக்கு வயிற்றெரிச்சல்தான். அங்கே அவள் செய்வது என்ன பெரிய வைத்தியமா? கருவிகளைக் கழுவிச் சுடுநீராவியில் வைத்து எடுப்பாள். டாக்டர் கை நீட்டினால் எடுத்துக் கொடுப்பாள். அதற்கே வீட்டில் அவளுக்குத் தனி மரியாதை. யாருக்குப் பல் கூசினாலும் அவளிடம் போய் வாயைத் திறந்து காட்டினார்கள். குத்திக் காட்டத்தான் மூத்தவள் 'பாதி டாக்டர்' என்று பட்டப்பெயர் வைத்தாள். அதையும் வீட்டில் எல்லாரும் ஆசையாகச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவள் பெற்ற மகள், பத்து வயதுக்காரி, மேல் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்று முதலில் போய்ச் சொன்னது சித்தியிடம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சித்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சொத்தை ஆழமாகப் போயிருக்கிறது, நாளைக்கே டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றாள். என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்று மூத்தவள் முகத்திலடித்த மாதிரி சொன்னாள். கிராம்பை நசுக்கிப் பல்லில் வைத்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். மூன்று நாள் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கிடந்தது. நான்காம் நாள் வலி போன இடம் தெரியவில்லை.

அன்றைக்கு மூத்தவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தையல் மெஷினை மிதித்தபடியே பக்கத்து வீடுவரை கேட்கும்படி தன் கைவைத்தியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, சொத்தைப் பல்லுல வலி தானா நின்னா சந்தோஷப்படக் கூடாது. உள்ள நரம்பு செத்திருக்கும். சீழ் வேர்ல சேரும். ஈறுல பரு மாதிரி ஏதாவது வருதான்னு மட்டும் பாத்துக்கோங்க."

தோற்றவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று மூத்தவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பிள்ளையின் கன்னம் பொதபொதவென்று வீங்கி, ஒரு கண் பாதி மூடிக்கிடந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மூத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரகத்திதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஈறில் பல நாளாகவே சீழ்ப்பரு இருந்திருக்கிறது, கிருமி கன்னம்வரை பரவிவிட்டது என்றார் டாக்டர். பிள்ளையைப் பிழைக்கவைத்துவிடலாம், பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார்.

அந்த நேரத்திலும் மகள் பிடித்திருந்தது சித்தியின் கையை. மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளிடம் சொல்லியிருப்பாள், என்னிடம்தான் மறைத்திருப்பாள் என்று தோன்றியது.

"அந்தப் பருவை சித்திகிட்ட காட்டினியா?"

மகள் இல்லை என்று தலையாட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லலம்மா. சொன்னா சித்தி சொன்னதுதான் சரின்னு ஆயிடும்ல. நீ அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தே."

பெற்ற மகள் தன் பக்கம் இல்லையே என்றுதான் மூத்தவள் இத்தனை நாளும் பொருமிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு வாரமும் மகள் அவள் பக்கம்தான் இருந்திருக்கிறாள்.