மணி அடிக்கிறதுக்குள்ள

...இழுத்து மூடுறதுக்கு 'எதிர்காலத் திட்டம்'னு பேரு வேற, நல்லா வருது வாயில, ஆனா இந்தத் தியான இல்லத்துல முடிவெடுக்கிற வழக்கமே இப்படித்தான், கமிட்டி மொத்தமும் கண்ணை மூடி பத்து நிமிஷம் உக்காரணும், மணி அடிக்கிறதுக்குள்ள ஒருத்தர் எதிர்த்தாலும் பேச்சு தள்ளிப்போகும், யாரும் வாயைத் திறக்கலைன்னா சம்மதம். மணி அடிக்கிறது வார்டன், அதாவது நான்... கூத்தைப் பாரு, என் கழுத்தை அறுக்கிறதுக்கு நானே மணி அடிக்கணும், ஆனா வார்டன் பேசினா செல்லாது. ஃபாதர் கண்ணை மூடிட்டாரு, மூடினா என்ன, மனசுக்குள்ள ரூம் ரூமா ஏசி மாட்டிக்கிட்டிருப்பாரு. ஓட்டல்காரனுக்குக் குத்தகை, சமையல்கட்டுக்குப் பின்னாடி நானும் என் பொண்ணும் இருக்கிற ரெண்டு ரூம்ல இனி வாஷிங் மெஷின்... அளவெடுக்க வந்தவன் என் கட்டில் மேலயே டேப்பை இழுத்தான், ஒரு வார்த்தை கேட்டானா? போய்த் தொலையட்டும்னா, பொண்ணு எங்க படுப்பா?

இவங்களை விடு, என் கூடப் பொறந்தவன்? கமிட்டியில அவனும் ஒரு பெரிய மனுஷன். காலையில மாடிப்படியில வச்சு, "கவலைப்படாத அக்கா, நான் எதிர்க்கிறேன்"னான். சொன்னதை எப்பத்தான் செஞ்சிருக்கான்? அம்மா படுத்தப்பவும் "நான் பாத்துக்கிறேன்"னுட்டு மண்ணு போட மட்டும் வந்தவன்தானே... சட்டையை மட்டும் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு. இப்பப் பாரு, கண்ணைக்கூட மூடாம குனிஞ்சு நகத்தைப் பாக்கிறான். ஃபேன் கடகடங்குது, யாரோ ஏப்பம் விடுறாங்க, அமைதியாம் அமைதி. எத்தனை வருஷமா இந்த ஹால்ல பேசினவங்களை முறைச்சே அடக்கியிருக்கேன், அமைதி தேடி வந்தவங்க கசக்கிப் போட்ட விரிப்பையெல்லாம் துவைச்சிருக்கேன், யாருக்கு வேணும் இந்தப் பொழப்பு, ஆனா போக்கிடம்? அவன் சொல்லமாட்டான், எனக்குத் தெரியும், அவன் சுபாவம் எனக்குத் தெரியாதா, கோழை... நிமிர்றான். தொண்டையைச் செருமுறான், நாற்காலியைப் பின்னால தள்றான், உதடு பிரியுது...

மணி அடிச்சிடுச்சு. எல்லாரும் கண்ணைத் திறக்கிறாங்க, ஃபாதர் "இறைவனுக்கு நன்றி"ங்கிறாரு, தம்பி பாதி எழுந்தபடியே என்னைப் பாக்கிறான். "இன்னும் நேரம் இருந்துச்சே அக்கா"ங்கிறான் மெதுவா. இருந்துச்சு. கடிகாரம் என் கண்ணு முன்னாலதான் இருக்கு. அவன் ஒரே ஒரு தடவை எனக்காக வாயைத் திறந்துட்டா, அப்புறம் நான் யாரைத் திட்டுறது... அதுக்காகவா அடிச்சேன்?