அவர்கிட்ட சொல்லிடாதீங்க

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் முழங்கால் வலிதான் கூட்டிக்கொண்டு போனது. வேங்கிக்கால் ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் நந்தினி. முடக்குவாதம் வந்தவள். கணவர் அருள்ராஜ் டீ வாங்கப் போன நேரம் பார்த்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள்.

"எனக்குச் சரியாயிட்டு வருதுக்கா. அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

நல்ல சேதியை ஏன் மறைக்கிறாள்? எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால்தான் எனக்கு எழுத வரும்.

2

முதல் வரி: "நோய் வந்த பிறகுதான் அவர்கள் கணவன் மனைவி ஆனார்கள்." அடித்துவிட்டேன். காலண்டரில் அச்சடிக்கிற வாசகம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "அருள்ராஜ் நல்லவர், ஆனால்

(முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

அவள் சொன்னதையே சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. நந்தினி போளூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று பெட்டி கட்டினாள். அன்று காலை விரல்கள் வீங்கியிருந்தன. ஜிப்பை இழுக்க முடியவில்லை. அருள்ராஜ் வந்து பார்த்தார். ஜிப்பை மூடவில்லை. துணிகளை எடுத்து மறுபடியும் பீரோவில் வைத்தார். அதன்பிறகு தலை பின்னிவிடுவது, ரவிக்கை கொக்கி மாட்டுவது, முடியாத நாளில் சோறு ஊட்டுவது எல்லாம் அவர்தான். ஊட்டும்போது பேச்சும் திரும்பி வந்தது.

"வலி போச்சுன்னா இதெல்லாமும் போயிடும்க்கா."

3

இவ்வளவு நல்ல கணவரை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. அடுத்த முறை நந்தினி உள்ளே விரல் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அவளுக்குத் தேவலைன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றார். "நான் இல்லாதப்போ புது கேஸ் சிலிண்டர் மாட்டியிருந்துச்சு. யாரு மாட்டனதுன்னா, கொண்டாந்தவருன்றா. அவரைக் கேட்டா, வாசல்லயே வெச்சுட்டுப் போயிட்டேன்றாரு."

"அவகிட்ட கேக்கலையா?"

"கேட்டா ஆமான்னுடுவா. அப்புறம் போளூர் கெளம்பிட்டா?" குரலைத் தாழ்த்தினார். "இந்த வாட்டி மாத்திரை கடையில இல்லன்னு பொய் சொல்லிட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

(முன்பின் தெரியாதவளிடம் இதைச் சொல்வாரா என்று நீங்கள் சந்தேகப்படலாம். வீட்டில் சொல்ல முடியாததை ஆஸ்பத்திரி பெஞ்சில் சொல்லிவிடுகிறார்கள். அதுவரை இதைக் காதல் கதை என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன்.)

4

ஒரு முடிவு: அவள் விரல்கள் திரும்ப வீங்குகின்றன, அவர் காலில் விழுந்து அழுகிறார். வேண்டாம். இன்னொன்று: அவள் குணமாகி, ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி

வேண்டாம். ஒருத்தியின் மாத்திரை நின்றுபோயிருக்கும்போது இதென்ன விளையாட்டு? அடுத்த முறை அதே பெஞ்சில், அவர் போன் பேச வாசலுக்குப் போனதும் நந்தினியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அதிரவில்லை. "தெரியும்க்கா. நானே கடைக்குப் போனேன். இருக்குன்னாங்க. வாங்கிப் போட்டுக்கினுதான் இருக்கேன்."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா நான் மட்டும் என்ன? வலிக்குது வலிக்குதுன்னு அவரை ஏமாத்தலையா?" விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். "முன்னெல்லாம் அவரு ஊட்டுனா உப்பு கம்மியா ஜாஸ்தியான்னு பாப்பேன். இப்போ வேற எதுனா கலந்திருக்குமான்னு பாக்குறேன்க்கா."

5

நந்தினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த அருள்ராஜ் ஓடிவந்து, கைகொடுத்து அவளை எழுப்பினார். அவளும் முடியாதவள் போலவே எழுந்தாள். உள்ளே டாக்டர் தன் விரல்களை நீட்டி, அவளைப் பிடித்து அழுத்தச் சொல்வார். பிடியில் எவ்வளவு பலம் என்று பார்ப்பார். கதவு சாத்திக்கொண்டது.

"அழுத்துங்கம்மா" என்றார் டாக்டர்.

பிறகு அருள்ராஜின் குரல் கேட்டது.

"நல்லா அழுத்து நந்தினி. பரவால்ல. அழுத்து."

நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. அழுத்தினாள் என்று எழுதிவிடலாம். விரல்களைத் தளர்த்திக்கொண்டாள் என்றும் எழுதிவிடலாம். இவர்களைப் பற்றி நான் ஊகித்தது எதுவும் முழுசாகச் சரியாக இருந்ததில்லை. இனி என்னை நம்பாதீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், அவள் இடத்தில் நின்று நீங்களே சொல்லுங்கள்: அழுத்துவீர்களா?