தலைமாட்டுத் திசை

உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே பல வருஷம் குடியிருந்தால் உடம்பில் காந்தம் ஏறிவிடும். எங்கள் டவர் தெருவில் எல்லோருக்கும் ஏறியிருக்கிறது. உடம்பில் கரண்டி ஒட்டுவது, கைக்கடிகாரம் நின்றுபோவது எல்லாம் சில்லறைத் தொந்தரவுகள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தள்ளுவதுதான் கஷ்டம். வடக்கே ஆகாது என்று இருவரும் தெற்கேயே தலைவைத்துப் படுப்பதால் இருவருக்கும் ஒரே துருவம் அமைந்துவிடுகிறது.

என் மனைவி சுலோச்சனா முதலில் கட்டிலின் ஓரத்துக்குப் போனாள். அப்புறம் சமையலறைக்கு. போன தை மாசம் வாசலில் நின்றபடி குழம்புக்கு உப்பு சரியா என்று கேட்டாள். பதில் சொல்ல நான் இரண்டடி முன்னால் போனேன். அவள் தெருவுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து தங்கை வீட்டில் இருக்கிறாள். அந்தப் பக்கம் கம்பி போகவில்லை.

டாக்டரம்மாவிடம் போனேன்.

“யாராவது ஒருத்தர் வடக்க தலை வெச்சுப் படுங்க. துருவம் மாறிடும். அப்புறம் உங்களைப் பிரிக்கவே முடியாது.”

“வடக்க ஆகாதுங்களே.”

“தனியாப் படுக்கறது மட்டும் ஆகுமா?”

தலையணையை மாற்றிப் போட்டேன். எனக்கு அவள் வேண்டும், சாஸ்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சில நாள் கனவுகள் முடிவிலிருந்து ஆரம்பித்தன. பிறகு கரண்டிகள் காம்புப் பக்கமாக ஒட்டத் தொடங்கின. மாறிவிட்டது என்று தெரிந்ததும் ஃபோன் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். பழக்கதோஷத்தில் நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். தள்ளவில்லை. கட்டிலில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். இழுக்கவும் இல்லை. கம்பியில்லாத வீட்டில் இருந்து இருந்து அவளுக்குக் காந்தம் முழுக்க இறங்கியிருந்தது.

“இப்ப ஒண்ணும் பண்ணலீங்க,” என்றாள்.

“எனக்குப் பண்ணுது.”

“அங்க நல்லாத் தூக்கம் வருதுங்க.”

“எந்தப் பக்கம் தலை வெச்சு?”

“தோணுன பக்கம்.”

டீ குடித்தாள். என் கை அவள் கைக்கு அருகில் இருந்தது. கடைசிவரை அங்கேயே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள். வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் தெருமுனை திரும்பியதும் படுத்துக்கொண்டு அழுதேன்.

கூடத்தில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. அவளுடைய கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ மெல்ல நகர்ந்து, நிலைப்படியில் கொஞ்சம் சாய்ந்து நுழைந்து, கட்டிலருகே வந்து நின்றது. நான் சுவரோரமாக ஒதுங்கி இடம் விட்டேன்.