செல்லோவுக்குக் கொடுத்த குரல்

வில்கள் எல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன, வயலின்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளமென்ட்டின் கையையே பார்க்கிறார்கள், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஹெட்போனோடு நிற்கும் பியூலாவுக்கு மட்டும் எதையும் பார்க்கத் தோன்றவில்லை, இளம் வயதில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவளே எழுதி அவளே மெட்டுப் போட்டுக் கேசட்டில் பாடிய பாட்டை இப்போது ஆர்க்கெஸ்ட்ராவோடு புதிதாகப் பாடி வெளியிடப் போகிறார்கள், சென்னைக் கம்பெனிக்காரர்கள் ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பி, ஓட்டலில் ரூம் போட்டு, பிளாஸ்க்கில் சுக்குவெந்நீர் வரைக்கும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், அந்தச் சந்தோஷம் எந்தப் பக்கமிருந்து வரும் என்றுதான் தெரியவில்லை. கை இறங்குகிறது, மழை விட்ட தெருவில் உன் செருப்புச் சத்தம் மட்டும், என்று பாடுகிறாள், மட்டும் என்ற சொல் வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. அக்கா, அந்த எடத்துல சுருதி கொஞ்சம் எறங்குது, இன்னொரு தடவ போலாமா, என்கிறான் கிளமென்ட், பாட்டை இத்தனை வாத்தியங்களுக்கும் பிரித்து எழுதியவனும் நடத்துகிறவனும் அவன்தான், நாகரிகமான ஆள், தப்பென்று வாயால் சொல்லமாட்டான். இன்னொரு தடவை போகிறார்கள், அதே சொல்லில் இறங்குகிறது.

இறங்குவது அவளா, ஜெயசிங் அல்லவா இறங்குவார், பாளையங்கோட்டைச் சர்ச்சின் கொயரில், அந்தப் பாட்டுக் குழுவில், டெனர் என்கிற ஆண்குரல் பாடினவர், அவள் பாட்டுக்கு இரண்டாம் குரல் கொடுக்க வந்து அப்படியே கணவராகவும் ஆகிப்போனவர், கேசட்டில் அவள் குரலுக்குக் கீழே ஓடுகிற குரல் அவருடையது, மட்டும் என்ற சொல் வந்தால் போதும், எங்கே இருக்க வேண்டுமோ அதற்கு ஒரு இழை கீழே போய் உட்கார்ந்துகொள்வார். நீங்க எறங்குதீங்க, என்பாள் அவள், நான் எங்கட்டி எறங்குதேன், நீல்லா ஏறுத, என்பார் அவர், தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் அவருக்கு வாயே வராது. பாடிப் பாடி அவள்தான் அவர் இருந்த இடத்துக்கு இறங்கி வந்தாள், இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினால் அது அவ்வளவாகத் தப்பாகக் கேட்காது, கல்லூரி விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் கேட்டவர்கள் அப்படியே முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், கடைசியில் மெட்டே அதுதான் என்று ஆகிவிட்டது. போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஒரு காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டியைச் சுற்றி நின்று பாட எந்தக் கட்டையில் எடுப்பது என்று கொயர்காரர்கள் அவளிடம்தான் கேட்டார்கள், அவளும் சொன்னாள், வந்தவர்களுக்குக் காப்பி பத்துமா என்று பார்த்துவிட்டு வந்தாள், கல்லு மாதிரில்லா நிக்கா, என்று மதினி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தாள், அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை, இன்றுவரைக்கும் நினைக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு கிளமென்ட் உள்ளே வருகிறான், செல்லோ வாசிக்கிற லைன் கேசட்ல சார் பாடினதுதான்க்கா, அவருக்காக அப்படியே எழுதியிருக்கேன், அந்த ஒரு எடத்துல டேப் இழுத்துப் போயிருந்துச்சு, பழைய கேசட் இல்லையா, அத மட்டும் சரிபண்ணிட்டேன், என்கிறான். அது டேப் இல்ல தம்பி, அவருதான், என்கிறாள் பியூலா. அவன் முகம் விழுந்துவிட்டது, இது உங்க பாட்டுதான்க்கா, வேணும்னா செல்லோவயும் எறக்கி வாசிக்கச் சொல்லிரலாம், என்றான். அதை வாசித்தும் காட்டினார்கள், பெரிய வயலின் மாதிரி இருக்கும் அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்த செல்லோக்காரர் சோற்றில் கல் கடித்த முகத்தோடு ஒரு இழை இறக்கினார், ஹெட்போனில் வந்தது வெறும் தப்பு, அதில் வீம்பு இல்லை, ஜெயசிங் சரியென்று நம்பியல்லவா இறங்குவார், நம்பாமல் இறங்கினால் அது அவராகாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்லோக்காரருக்குப் பின்னால் அவர் நிற்கிறார், பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு, கேசட் பதிந்த அறையின் பச்சைச் சுவரோடு, ஏட்டி, இங்கனதான் நிக்கேன், எறங்கி வா, என்கிறார், வருகிறேன் என்று வாயெடுக்கிறாள், போனால் இத்தனை பேரும் நின்றுவிடுவார்கள், போகாவிட்டால் அவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

எழுதினபடியே வாசிக்கட்டும், என்றாள் பியூலா.

கை இறங்கியது, மழை விட்ட தெரு வந்தது, செருப்புச் சத்தம் வந்தது, மட்டும் என்ற சொல்லில் அவள் இறங்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டே நேராகப் போனாள், செல்லோ சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொண்டது, மற்ற வாத்தியங்கள் எல்லாம் மெல்ல மேலே எழும்பின, பாட்டு அழகாக இருந்தது, எழுதிய அன்று அவள் மனதுக்குள் கேட்டது இதைத்தான், அவர் வந்த பிறகு ஒரு நாளும் கேட்காதது, அவர் இல்லாமல் நன்றாக இருக்கிறதே என்று நினைத்ததும் அழுகை வந்தது, இத்தனை மாதம் எங்கே இருந்ததோ. வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள், அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். இதுதான்க்கா பாட்டு, சேப்டிக்கு இன்னொரு டேக் மட்டும் எடுத்துருவோம், என்றான் கிளமென்ட், எந்த ஸ்டுடியோவிலும் உள்ள வழக்கம்தான், வில்கள் மறுபடியும் மேலே போய் அந்தரத்தில் நின்றன, இந்தமுறை பியூலா அத்தனையையும் பார்த்தாள், ஒவ்வொரு வில்லையும், ஒவ்வொரு கையையும், பிறகு ஹெட்போனைக் கழற்றினாள். போதும் கிளமென்ட், இன்னொரு தடவ அவர விட்டுட்டுப் பாட என்னால முடியாது, என்றாள். அவன் தலையசைத்தான், வில்கள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின.